எண்ணெயில் நனைந்த பிளக்: புதியதை மாட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி

வணக்கம் நண்பர்களே. மேசையின் மேல் நான்கு ஸ்பார்க் பிளக்குகளை, அவை இன்ஜினில் இருந்த அதே வரிசையில் எண் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினிலிருந்து கழற்றியவை இவை. ஐட்லிங்கில் வண்டி நடுங்குகிறது, பிக்கப் குறைந்துவிட்டது, செக் இன்ஜின் விளக்கு எரிகிறது என்பவை அந்த வண்டியைப் பற்றிய புகார்கள். கேமராவைச் சற்று அருகில் கொண்டு வருகிறேன், பாருங்கள். மூன்று பிளக்குகளின் முனை வெளிர் பழுப்பு நிறத்தில் உலர்ந்திருக்கிறது. இரண்டாவது மட்டும் கறுத்துப் பளபளத்து, தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. இந்தக் கட்டத்தில் புதிய பிளக்கை மாட்டி வண்டியை அனுப்பிவிடுவது பலரின் வழக்கம். வண்டியும் சிறிது காலம் நன்றாகவே ஓடும். பிறகு அதே சிலிண்டரில் அதே நடுக்கம் திரும்பி வரும். சிலிண்டருக்குள் நடந்ததற்கு இந்தப் பிளக்தான் சாட்சி. எண்ணெய் எந்த வழியாக வந்தது என்று அதனிடம் கேட்காமல் அதைக் குப்பையில் போடக் கூடாது என்பதைத்தான் இன்று விளக்கப் போகிறேன்.

இந்த நடுக்கத்துக்குக் காரணமான மிஸ்ஃபயர் என்பது ஒரு சிலிண்டருக்குள் சென்ற பெட்ரோலும் காற்றும் எரியாமலோ அரைகுறையாக எரிந்தோ வெளியேறுவதுதான். நான்கு சிலிண்டர் இன்ஜினில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் 720 டிகிரி, அதாவது இரண்டு முழுச் சுற்று சுற்றுவதற்குள் நான்கு சிலிண்டர்களும் 180 டிகிரிக்கு ஒன்றாக முறை வைத்து எரிகின்றன. ஒவ்வொரு எரிப்பும் கிராங்க்கை ஒரு முறை தள்ளிவிடுகிறது. ஒரு சிலிண்டர் தன் முறையைத் தவறவிட்டால் அந்த ஒரு நொடித்துளியில் கிராங்க்கின் வேகம் மிகச் சிறிதளவு குறைகிறது. கிராங்க் சென்சார் வழியாக அந்தக் குறைவைக் கவனிக்கும் இன்ஜின் கணினி, எந்த சிலிண்டரின் முறையில் அது நேர்ந்தது என்று கணக்கிட்டு ஒரு பிழைக் குறியீட்டைப் பதிவு செய்கிறது. ஸ்கேனரில் பி 0302 என்று வந்தால் இரண்டாம் சிலிண்டர், பி 0304 என்றால் நான்காம் சிலிண்டர். பி 0300 என்றால் தவறுதல் ஒரே சிலிண்டரில் நிற்காமல் பலவற்றில் மாறி மாறி நிகழ்கிறது என்று பொருள். நம் வண்டியில் பி 0302 மட்டும் பதிவாகியிருந்தது.

செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் கவனமாக ஓட்டி வந்து சோதித்துக்கொள்ளலாம். அது விட்டு விட்டு மின்னினால் ஆக்ஸிலரேட்டரை உடனே தளர்த்துங்கள். பாதுகாப்பான இடம் கிடைத்ததும் வண்டியை நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரியத் தொடங்கினால், உள்ளிருக்கும் பீங்கான் கூடு உருகிப்போகும் அளவுக்குச் சூடேறிவிடும் என்பதால்தான் அந்த எச்சரிக்கை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எரியாத சிலிண்டரிலிருந்து பெட்ரோலோடு பயன்படாத ஆக்சிஜனும் வெளியேறுவதால், ஆக்சிஜன் சென்சார் பெட்ரோல் போதவில்லை என்று தவறாகக் காட்டக்கூடும். அதை நம்பி நல்ல சென்சாரை மாற்றுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

குறியீடு சிலிண்டரைச் சொல்லுமே தவிர, காரணத்தைச் சொல்லாது. எனவே எதையும் வாங்குவதற்கு முன் இடம் மாற்றிப் பார்க்கும் சோதனையைச் செய்யுங்கள். பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில்களில், இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாம் சிலிண்டருக்கும், மூன்றாவதன் காயிலை இரண்டாவதற்கும் மாற்றி மாட்டி, குறியீட்டை அழித்துவிட்டு இன்ஜினை ஓட்டிப் பாருங்கள். இப்போது பி 0303 வந்தால் குற்றம் காயிலுடையது. பி 0302 அப்படியே நின்றால் அடுத்ததாகப் பிளக்கை மாற்றிப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் விடை கிடைக்காது. ஓடும் இன்ஜினில் காயிலைப் பிடுங்கிச் சோதிக்கும் பழைய முறையைத் தயவுசெய்து கைவிடுங்கள். பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் உங்கள் கையையும் தாக்கும், கணினியையும் பழுதாக்கும்.

எண்ணெய் கண்ட பிளக்கைப் பொறுத்தவரை இந்தச் சோதனைக்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. வயதான எந்த இன்ஜினிலும் சிறிதளவு எண்ணெய் எல்லா சிலிண்டர்களுக்குள்ளும் நுழையத்தான் செய்கிறது. எரியும் சிலிண்டரில் அது எரிந்துபோகிறது, எரியாத சிலிண்டரில் தேங்கி நிற்கிறது. ஆகவே காயில் பழுதானதால் எரியாமல் குளிர்ந்துபோன சிலிண்டரிலும் பிளக் எண்ணெயில் நனையலாம். அங்கே எண்ணெய் விளைவு, காயில் காரணம். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) போய்விட்டது என்று இன்ஜினைப் பிரித்துவிட்டால், அதற்குப் பிறகு எவ்வளவு கவனமாக வேலை செய்தாலும் பயனில்லை. நம் வண்டியில் காயில் இடம் மாறிய பிறகும் குறியீடு இரண்டாம் சிலிண்டரிலேயே நின்றது.

பிளக்கைக் கழற்றும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கும் அலுமினிய ஹெட்டில் மரை எளிதில் உரிந்துவிடும். காயிலை எடுத்ததும் பிளக் அமர்ந்திருக்கும் குழிக்குள் விளக்கடித்துப் பாருங்கள். குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால், பிளக்கைத் தளர்த்துவதற்கு முன் அதை முழுவதும் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் இறங்கிவிடும். அடுத்து ஸ்டார்ட் செய்யும்போது வரும் புகையைப் பார்த்து நீங்களே பயந்துபோவீர்கள்.

இப்போது பிளக்கைக் கையில் எடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, எண்ணெய் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதைத்தான். வெள்ளைப் பீங்கான் பகுதியிலும் காயிலின் ரப்பர் பூட்டிலும் எண்ணெய் இருந்து, தீப்பொறி விழும் முனை உலர்ந்திருந்தால் மகிழ்ச்சியடையலாம். இன்ஜினின் மேல்மூடியான டாப்பெட் கவரின் கேஸ்கெட்டோ பிளக் குழியைச் சுற்றியுள்ள சீலோ கசிகிறது என்பதே அதன் பொருள். இன்ஜினின் உட்புறத்துக்கும் அந்தக் கசிவுக்கும் தொடர்பில்லை. கேஸ்கெட்டை மாற்றும்போது ரப்பர் பூட்டையும் கவனியுங்கள். எண்ணெயில் ஊறிய ரப்பர் உப்பி மென்மையாகிவிடும். பீங்கானின் மேல் பென்சிலால் கோடு இழுத்தாற்போல் மெல்லிய கறுப்புத் தடம் தெரிந்தால், மின்சாரம் முனைக்குப் போகாமல் பக்கவாட்டில் பாய்ந்து தரையிறங்கியிருக்கிறது. அதே தடம் பூட்டின் உட்புறத்திலும் பதிந்திருக்கும். பழைய பூட்டைப் புதிய பிளக்கின் மேல் மாட்டினால், மின்சாரம் மீண்டும் அதே வழியைத் தேடிக்கொள்ளும். ஆனால் பீங்கான் உலோக உடலைச் சந்திக்கும் இடத்தில் மட்டும் வட்டமாகத் தெரியும் பழுப்புக் கறையைப் பார்த்துப் பதற வேண்டாம். உயர் மின்னழுத்தம் காற்றிலுள்ள எண்ணெய்த் துகள்களை ஈர்ப்பதால் படியும் கறை அது. பிளக்கின் வேலையை அது கெடுப்பதில்லை.

முனையே கறுத்திருந்தால் அந்தக் கறுப்பின் தன்மையைப் பாருங்கள். துடைத்தால் உலர்ந்த கரி போல உதிர்வது எண்ணெய் அன்று. பெட்ரோல் அதிகமாகச் செல்வதையோ, இன்ஜின் சூடேறாத குறுகிய ஓட்டங்களையோ அது காட்டுகிறது. ஈரமாக இருந்து பெட்ரோல் வாடை அடித்து விரைவில் உலர்ந்துவிட்டால், அந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் வந்தும் எரியவில்லை என்று பொருள். வழவழப்பாக, உலராமல், வழித்தெடுக்கும்படி இருப்பதுதான் எண்ணெய். வெளிர் நிறத்தில் கெட்டியான சாம்பல் பொருக்கு ஏறியிருந்தால், எண்ணெய் நீண்ட நாட்களாகச் சிறுகச் சிறுக எரிந்து, அதில் கலந்துள்ள சேர்மானங்கள் படிந்திருக்கின்றன.

ஆரோக்கியமான பிளக்கின் முனை ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்கிறது. எண்ணெய் தொடர்ந்து வந்தால் அந்தத் தற்சுத்தம் ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. படிந்த கரி மின்சாரத்தைக் கடத்துவதால், இடைவெளியைத் தாண்டிப் பொறியாக வேண்டிய மின்னழுத்தம் பீங்கானின் மேலேயே வழிந்து வீணாகிறது. இதற்குத் தீர்வாக அதிகச் சூட்டு வகைப் பிளக்கைப் போடச் சொல்வார்கள். அது நோயை மறைக்குமே தவிர எண்ணெயை நிறுத்தாது. சுமை கூடிய ஓட்டத்தில் முனை அளவுக்கு மீறிச் சூடேறி, பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் அபாயமும் இருக்கிறது.

நான்கு முனைகளிலும் எண்ணெய் ஒரே அளவில் இருந்தால் முதலில் பிசிவி வால்வைச் சோதியுங்கள். இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸின் ஆவியை, காற்று உள்ளே செல்லும் இன்டேக்குக்கு அனுப்பும் அந்தச் சிறிய வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால், ஆவியோடு எண்ணெயும் சேர்ந்து உறிஞ்சப்பட்டு எல்லா சிலிண்டர்களுக்கும் போகும். டிப் ஸ்டிக்கில் எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஒரே ஒரு முனை நனைந்திருந்தால் சந்தேகம், வால்வுத் தண்டு வழியாக எண்ணெய் இறங்காமல் தடுக்கும் வால்வு சீலின் மீதும் ரிங்கின் மீதும் விழுகிறது. சைலன்ஸர் புகை வரும் நேரம் இங்கே உதவும். இரவு முழுவதும் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு நீலப் புகை வந்து அடங்கினால், அல்லது இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு வந்து மீண்டும் மிதிக்கும்போது புகை வந்தால், வால்வு சீல் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சுமையோடு ஏறும்போது தொடர்ந்து புகைந்தால் ரிங்கை நினைக்க வேண்டும்.

பிறகு, சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை. இன்ஜினைச் சூடேற்றி, மரை உரியாதபடி சற்று ஆறவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போதே எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, காயில், இன்ஜெக்டர் இணைப்புகளைத் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். தனி அளவைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான ஒப்பீடே முக்கியம். மிகக் குறைந்தது மிக உயர்ந்ததில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது பொதுவான கணக்கு. குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கும்போது அழுத்தம் தெளிவாக உயர்ந்தால் ரிங் கசிகிறது. உயராவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ பார்க்க வேண்டும். கம்ப்ரஷன் சரியாக இருக்கிறது என்பதற்காக ரிங்கை முழுவதும் விடுவித்துவிடவும் முடியாது. அழுத்தத்தைத் தாங்குபவை மேல் ரிங்குகள். எண்ணெயை வழித்து இறக்குவது கீழேயுள்ள ஆயில் ரிங். அது கரி பிடித்து இறுகிப்போனால், கேஜ் நல்ல அளவைக் காட்டும்போதே இன்ஜின் எண்ணெய் குடித்துக்கொண்டிருக்கும்.

நம் வண்டியில் நான்கு சிலிண்டர்களின் அழுத்தமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தபோது நீலப் புகை வந்து அடங்கியது. சிறிய கேமராவை உள்ளே விட்டுப் பார்த்ததில் இரண்டாம் சிலிண்டரின் இன்டேக் வால்வின் முதுகில் எண்ணெய்க் கரி திரண்டிருந்தது. எனவே வால்வு சீல்களை மாற்ற முடிவு செய்திருக்கிறேன். ஹெட்டைக் கழற்றாமலேயே இதைச் செய்யலாம். பிஸ்டனை உச்சத்துக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்தால், ஸ்பிரிங்கை எடுத்த பிறகும் வால்வு கீழே விழாமல் நிற்கும். காற்றழுத்தம் கிராங்க்கைச் சுற்றிவிடக்கூடும் என்பதால் அதை அசையாமல் பிடித்துக்கொள்ள ஏற்பாடு செய்த பிறகே காற்றைத் திறக்க வேண்டும். அந்த வேலையை அடுத்த காணொளியில் முழுவதுமாகக் காட்டுகிறேன்.