வாட்சன் எங்கே நிற்கிறார்?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் படித்து ரசித்தவர்கள் அவற்றைத் திரையில் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு. ஹோம்ஸாக நடிப்பவர் யார் என்று பார்ப்பதற்கு முன்னால், அவருடைய நண்பரும் கதைகளை நமக்குச் சொல்பவருமான வாட்சனை என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். படம் தேறுமா தேறாதா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

ஆர்தர் கோனன் டாயில் எழுதிய ஹோம்ஸ் கதைகள் மொத்தம் 60: நான்கு நாவல்கள், 56 சிறுகதைகள். முதல் நாவல் 1887-இல் பீட்டன்ஸ் கிறிஸ்துமஸ் மலரில் வந்தது. மொத்த உரிமைக்கும் சேர்த்துப் பதிப்பாளர் கொடுத்தது 25 பவுண்டு. கடைசிக் கதை வந்தது 1927-இல். விக்டோரியா மகாராணி இறந்தது 1901 ஜனவரியில். ஆகவே, மகாராணி உயிரோடு இருந்தபோது அச்சானவை இரண்டு நாவல்களும் 24 சிறுகதைகளும் மட்டுமே. மீதி 34-ம் பிற்பாடு எழுதப்பட்டு, பெரும்பாலும் பழைய லண்டனைத் திரும்பிப் பார்ப்பவை.

இந்த 60-இல் 56 கதைகள் டாக்டர் வாட்சன் எழுதியதாக வருகின்றன. இரண்டை ஹோம்ஸே சொல்கிறார். இரண்டு மட்டும் படர்க்கையில் இருக்கின்றன. ஹோம்ஸ் சொல்லும் ‘பிளாஞ்ச்டு சோல்ஜர்’ கதையில், வாட்சன் பக்கத்தில் இல்லாத குறையை ஹோம்ஸே வாய்விட்டுச் சொல்கிறார். சரியான இடத்தில் கேள்வி கேட்டு, சரியான இடத்தில் வியந்து, தன் வேலையைப் பெரிதாக்கிக் காட்டியவர் வாட்சன்தான் என்று ஒப்புக்கொள்கிறார்.

வாட்சனின் பார்வை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 1892-இல் வந்த ‘ஸ்பெக்கிள்ட் பேண்ட்’ கதையை எடுத்துக்கொள்வோம். மர்மத்தை உடைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. இன்னும் படிக்காதவர்கள் மன்னிக்கவும். ஒரு பெண் இரவில் அறைக்குள் மர்மமாக இறந்துபோகிறாள். இரண்டு வருஷம் கழித்து அதே அறையில் அவளோடு இரட்டையாகப் பிறந்த சகோதரி படுக்க வேண்டி வருகிறது. ஹோம்ஸ் அறையைச் சோதிக்கிறார். தரையில் குப்புறப் படுத்து, பூதக்கண்ணாடியோடு ஊர்ந்து, பலகை இடுக்குகளைப் பார்க்கிறார். பிறகு கட்டிலருகே போய் அதையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்கிறார். சுவரை மேலும் கீழுமாகப் பார்க்கிறார். அடுத்து மணிக்கயிற்றை இழுத்துப் பார்த்தால், அது எந்த மணியோடும் இணைக்கப்படாத போலிக் கயிறு. காற்றுக்காக வைத்த துவாரமோ வெளியே திறக்காமல் பக்கத்து அறைக்குள் திறக்கிறது.

இங்கே கட்டிலைப் பற்றி வாட்சன் எழுதுவதைக் கவனியுங்கள். ஹோம்ஸ் அதை உற்றுப் பார்த்தார் என்று எழுதுகிறாரே ஒழிய, என்ன பார்த்தார் என்று எழுதவில்லை. காரணம், வாட்சனுக்கே தெரியாது. கட்டிலைத் தரையோடு சேர்த்து முடுக்கியிருந்தார்கள் என்பதைப் பிற்பாடு சத்திரத்தில் உட்கார்ந்து பேசும்போதுதான் ஹோம்ஸ் சொல்கிறார். படுத்திருப்பவள் கட்டிலை நகர்த்த முடியாது. கயிறு எப்போதும் அவள் தலைக்கு மேலேயே தொங்கும். தடயம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வாட்சன் மறைக்கவே இல்லை. அது என்ன என்பது மட்டும் நமக்குத் தாமதமாக வந்து சேர்கிறது. துப்பறியும் கதை எழுதுபவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய நேர்மை இது.

கேமராவுக்கு இந்த வசதி கிடையாது. கட்டிலின் காலைக் காட்டினால், கூர்மையான ரசிகர் அந்தக் கணமே பிடித்துவிடுவார். காட்டாவிட்டால், பிறகு ஹோம்ஸ் சொல்லும்போது ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றும். நல்ல இயக்குநர் செய்யக்கூடியது, கேமராவை வாட்சனின் முகத்துக்கோ தோளுக்கோ பக்கத்தில் வைத்து, ஹோம்ஸ் எதையோ உற்றுப் பார்ப்பதை வாட்சனோடு சேர்ந்து நாமும் பார்க்கிறோம் என்ற நிலையை உண்டாக்குவது. அதற்கு வாட்சன் கவனிக்கத் தெரிந்தவராக, மதிக்கத்தக்கவராக இருந்தாக வேண்டும். அசட்டு வாட்சனின் தோள்மீது சாய்ந்து பார்க்க யாருக்கும் மனம் வராது.

இதே கதையில் கொலை செய்வது, துவாரம் வழியாக வந்து கயிற்றில் இறங்கும் ஒரு பாம்பு. பால் கொடுத்துப் பழக்கி, விசில் அடித்துத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பாம்பு பற்றிய செய்திகள் தவறானவை. புற்றுக்குப் பால் ஊற்றும் வழக்கமுள்ள நம் ஊரிலும் பாம்பு ஆராய்ச்சியாளர்கள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார்கள்: பால் பாம்பின் உணவல்ல. காற்றில் வரும் விசில் ஒலியை நம்மைப் போலக் கேட்க அதற்கு வெளிக்காதும் இல்லை. கதையில் வரும் ‘இந்தியச் சதுப்புநில விரியன்’ என்று ஒரு பாம்பே கிடையாது. இருந்தும் கதை நிற்கிறது. கயிறு, துவாரம், கட்டில் என்ற மூன்றும் சேரும் விதம் அவ்வளவு கச்சிதம்.

வாட்சன் அசடு அல்ல என்பதற்குக் கதையிலேயே ஆதாரம் இருக்கிறது. 1878-இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் எம்.டி. பட்டம் பெற்றவர். ராணுவ மருத்துவராக ஆப்கானிஸ்தான் போய், 1880-இல் மைவாந்த் போரில் தோளில் குண்டடி பட்டவர். பெஷாவர் மருத்துவமனையில் டைஃபாய்டு காய்ச்சலில் சாகக் கிடந்து பிழைத்தவர். இரண்டாவது நாவலில் அந்தக் காயம் எப்படியோ காலுக்கு இறங்கிவிடுகிறது. அது டாயிலின் கவனக்குறைவு. ஆனால் ஆள் துணிச்சலானவர், துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர் என்பதில் கதைகள் எங்கும் மாறவில்லை.

பேசில் ராத்போன் ஹோம்ஸாகவும் நைஜல் புரூஸ் வாட்சனாகவும் நடித்து 1939 முதல் 1946 வரை 14 படங்கள் வந்தன. முதல் இரண்டு மட்டும்தான் விக்டோரியா காலத்தில் நடப்பவை. மற்ற 12-ம் யூனிவர்சல் கம்பெனி எடுத்தவை. ஹோம்ஸைத் தங்கள் காலத்துக்கே கொண்டுவந்து நாஜி ஒற்றர்களையும் பிடிக்க வைத்தார்கள். ராத்போனின் குரலும் பக்கவாட்டு முகமும் அருமை. ஆனால் கதைசொல்லி என்ற வேலையைப் பறித்த பிறகு வாட்சனுக்குச் செய்ய ஒன்றும் இல்லாமல் போனது. அந்த இடத்தைச் சிரிப்பால் நிரப்பினார்கள். புரூஸ் பிரியத்துக்குரிய நடிகர்தான். ஆனால் இவ்வளவு புத்திசாலியான ஹோம்ஸ் இவரோடு ஏன் ஒரே வீட்டில் இருக்கிறார் என்ற கேள்விக்கு அந்தப் படங்களில் விடையே இல்லை.

சோவியத் தொலைக்காட்சி இதற்கு நேர் எதிரான வழியில் போனது. இகோர் மாஸ்லென்னிகோவ் இயக்கத்தில் 1979 முதல் 1986 வரை வந்த தொடரில் வசிலி லிவானோவ் ஹோம்ஸ், விதாலி சோலோமின் வாட்சன். லாட்வியாவின் ரீகா நகரத்தில் ஒரு தெருவையே, ஹோம்ஸ் குடியிருக்கும் பேக்கர் தெருவாக மாற்றினார்கள். முதல் பகுதியில் வாட்சன், தன்னோடு குடியிருக்கும் இந்த விசித்திர மனிதர் ஒரு குற்றவாளியாக இருப்பாரோ என்று சந்தேகப்பட்டு வேவு பார்க்கிறார். துப்பறிபவர் வாட்சன், துப்பு ஹோம்ஸ்! முதல் நாவலில் வாட்சன் ஹோம்ஸுக்குத் தெரிந்தது, தெரியாதது என்று பட்டியல் போடும் பக்கம் இருக்கிறதே, அதைத் திரைக்கு மாற்ற இதைவிட நல்ல வழி இல்லை என்றே சொல்வேன்.

பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிறுவனமான கிரனாடாவின் தொடர் 1984 முதல் 1994 வரை, 41 பகுதிகள். ஜெரமி பிரெட் ஹோம்ஸ். முதல் 13 பகுதிகளில் டேவிட் பர்க் வாட்சன், அதன்பின் எட்வர்ட் ஹார்ட்விக். தயாரிப்பாளர் மைக்கேல் காக்ஸ், ஹோம்ஸும் வாட்சனும் எப்படிப் பேசுவார்கள், என்ன உடுத்துவார்கள், அறையில் எந்தப் பொருள் எங்கே இருக்கும் என்று கதைகளிலிருந்தே குறிப்பெடுத்து ஒரு கையேடு தயாரிக்க வைத்தார். கதைகள் வெளிவந்த ஸ்ட்ராண்ட் இதழில் சிட்னி பேஜெட் வரைந்த படங்களைப் பார்த்து நடிகர்களை நிற்க வைத்த காட்சிகளும் உண்டு. பர்க், ஹார்ட்விக் இருவருமே நிதானமான, கண்ணியமான மருத்துவர்கள். பிரெட் துள்ளும்போதும் சுருண்டு கிடக்கும்போதும் நம் கண் அவர்கள் முகத்துக்குப் போய்த் திரும்புகிறது.

2010-இல் பி.பி.சி. எடுத்த ‘ஷெர்லாக்’ தொடர் கதையை இன்றைய லண்டனுக்கு மாற்றியது. காலம் மாறினால் கெட்டுவிடும் என்பது உண்மையில்லை என்பதற்கு அதன் முதல் பகுதியிலேயே அத்தாட்சி இருக்கிறது. ‘சைன் ஆஃப் ஃபோர்’ நாவலில் வாட்சன் ஒரு பழைய பாக்கெட் கடிகாரத்தை நீட்டுகிறார். ஹோம்ஸ் சொல்கிறார்: இது உங்கள் அண்ணனுடையது, அவர் குடிகாரர். எப்படி? விலை உயர்ந்த கடிகாரம், ஆனால் சில்லறையோடும் சாவியோடும் ஒரே பையில் போட்டுக் கீறல் விழுந்திருக்கிறது. மூடியின் உள்ளே அடகுக்காரர் ஊசியால் கீறிய எண்கள் நான்கு. சாவி கொடுக்கும் துளையைச் சுற்றி ஆயிரம் கீறல். ராத்திரியில் கை நடுங்கச் சாவி கொடுத்தவர். இன்று சாவி கொடுக்கும் கடிகாரம் யாரிடம் இருக்கிறது? தொடரில் அதையே கைபேசி ஆக்கினார்கள். சார்ஜர் செருகும் துளையைச் சுற்றிக் கீறல், பின்புறம் பொறித்த பெயர், சாவி உரசிய தடம். தர்க்கம் அப்படியே இருக்கிறது, பொருள் மட்டும் மாறியிருக்கிறது. ஹோம்ஸ் ஒரே ஒரு இடத்தில் சறுக்குகிறார்: அண்ணன் இல்லை, சகோதரி. மூலத்தை நெட்டுருப் போட்ட ரசிகருக்கும் அங்கே ஒரு ஆச்சரியம் வைத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்து ஊர்களும் இந்தக் கதைகளில் வருகின்றன. ஸ்ட்ராண்ட் இதழில் 1891 ஜூலையில் வந்த முதல் சிறுகதையின் முதல் பக்கத்திலேயே, திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்களுக்கு நேர்ந்த துயரத்தை ஹோம்ஸ் தெளிவுபடுத்திய செய்தி ஒரு வரியில் வந்துபோகிறது. அதே ஆண்டு நவம்பரில் வந்த ‘ஃபைவ் ஆரஞ்ச் பிப்ஸ்’ கதையோ புதுச்சேரித் தபால் முத்திரையில் தொடங்குகிறது. 1883 மார்ச் 10-இல் ஒரு கடிதம், உள்ளே ஐந்து காய்ந்த ஆரஞ்சு விதைகள். மே 2-இல் பெற்றவர் பிணமாகக் கிடக்கிறார். அடுத்த கடிதம் ஸ்காட்லாந்தின் டண்டியிலிருந்து. சில நாளிலேயே சாவு. இரண்டும் துறைமுகங்கள். ஆகவே எழுதியவர் கப்பலில் இருக்கிறார். கடிதம் நீராவிக் கப்பலில் விரைந்து வருகிறது, கொலைகாரர் பாய்க்கப்பலில் மெதுவாக வருகிறார். ஏழு வாரம் இடைவெளி அதனால்தான். ஹோம்ஸ் ஒரு நாள் முழுக்க லாயிட்ஸ் கப்பல் பதிவேடுகளைப் புரட்டி, 1883 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் புதுச்சேரிக்கு வந்த 36 கப்பல்களில் ஒன்றைப் பிடிக்கிறார்.

படிக்கப் பிரமாதமான கதை, படம் பிடிக்கப் பெரும் தொல்லை. குற்றவாளியின் முகம் கடைசிவரை வருவதே இல்லை. கப்பல் அட்லாண்டிக்கில் மூழ்கிப்போகிறது. துப்பறிதல் முழுவதும் தேதிகளிலும் பேரேட்டிலும் இருக்கிறது. கிரனாடா இதைத் தொடவே இல்லை. ராத்போனின் 1945 படமான ‘ஹவுஸ் ஆஃப் ஃபியர்’ விதைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஸ்காட்லாந்து மாளிகையில் ஏழு நண்பர்கள் ஒவ்வொருவராகச் சாகும் வேறொரு கதையைச் சொன்னது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் நாவலிலிருந்து தொடங்க வேண்டாம். அதன் இரண்டாம் பாதி திடீரென்று அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்துக்குப் போய்விடும். பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ‘அட்வென்ச்சர்ஸ்’ தொகுப்பின் 12 கதைகளே சரியான வாசல். சுருக்கப் பதிப்பு வாங்காதீர்கள். சுருக்குகிறவர்கள் முதலில் வெட்டுவது, ஹோம்ஸ் எதையோ உற்றுப் பார்த்தார் என்று வாட்சன் எழுதும் வரிகளைத்தான். அடுத்த தொகுப்பான ‘மெமாய்ர்ஸ்’ வாங்கும்போது எத்தனை கதை என்று எண்ணுங்கள். 11 இருந்தால் ‘கார்ட்போர்டு பாக்ஸ்’ அதில் இல்லை, ‘ஹிஸ் லாஸ்ட் போ’ தொகுப்பில் தேட வேண்டும். அந்தக் கதையைத் தொகுப்பிலிருந்து நீக்கியபோது, ஹோம்ஸ் வாட்சனின் கண் போகும் திசையை வைத்து மனத்தைப் படிக்கும் பகுதியை ‘ரெசிடென்ட் பேஷன்ட்’ கதையின் தொடக்கத்தில் ஒட்டினார்கள். ஒரே காட்சி இரண்டு கதையில் வந்தால் அச்சுப் பிழை என்று எண்ண வேண்டாம்.

பணக் கணக்கும் கைவசம் இருக்கட்டும். 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 21 ஷில்லிங் ஒரு கினி. வாட்சனின் ஓய்வூதியம் நாளுக்கு பதினொன்றரை ஷில்லிங். வாரத்துக்கு நான்கு பவுண்டு ஆறு பென்னி. செம்பட்டைத் தலையர் சங்கக் கதையில், காலை 10 முதல் 2 மணி வரை கலைக்களஞ்சியத்தைப் பார்த்து எழுத ஒரு அடகுக்கடைக்காரருக்கு வாரம் நான்கு பவுண்டு தருகிறார்கள். போரில் காயம்பட்ட டாக்டரின் வருமானத்துக்குச் சமமாக, சும்மா உட்கார்ந்து எழுத! இதில் ஏதோ சூது இருக்கிறது என்று அன்றைய வாசகருக்குத் தொகையைக் கேட்டதுமே உறைத்திருக்கும்.

கடைசியாக ஒரு ஜோடி. 1893 டிசம்பரில் வந்த ‘ஃபைனல் பிராப்ளம்’, 1903-இல் வந்த ‘எம்ப்டி ஹவுஸ்’. ரைக்கன்பாக் அருவியில் ஹோம்ஸுக்கும் குற்றவாளிகளின் தலைவன் மோரியார்ட்டிக்கும் நடந்த சண்டையை வாட்சன் பார்க்கவே இல்லை. போலிக் கடிதத்தை நம்பி விடுதிக்குப் போய்த் திரும்பியவர், ஈரமண் பாதையைப் பார்க்கிறார். விளிம்பை நோக்கி இரண்டு பேரின் காலடித் தடங்கள் போகின்றன. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஹோம்ஸின் முறையையே பின்பற்றி, இருவரும் விழுந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டுகிறார். முறை சரி, முடிவு தவறு. பத்து ஆண்டுக்குப் பிறகு வந்த கதையில் ஹோம்ஸ் விளக்குகிறார்: திரும்பி நடந்தால் தடம் பதியும். பூட்ஸைத் திருப்பிப் போட்டு நடக்கலாம், ஆனால் ஒரே திசையில் மூன்று ஜோடித் தடம் இருந்தால் மோசடி என்று தெரிந்துவிடும். அதனால் பாறைச் சுவரில் ஏறினேன் என்கிறார்.

படம் எடுப்பவர்களுக்கோ அருவிச் சண்டையைக் காட்டாமல் இருக்க முடிவதில்லை. கிரனாடா 1985-இல் ஸ்விட்சர்லாந்தின் அதே அருவிக்கே போய்ப் படம்பிடித்தது. முதல் கதையைப் படித்துவிட்டு அந்தப் பகுதியைப் பாருங்கள். சண்டை முடிந்த பிறகு வரும் காட்சிகளில் டேவிட் பர்க்கின் முகத்தைக் கவனியுங்கள். பிறகு ‘எம்ப்டி ஹவுஸ்’ படித்துவிட்டு, 1986-இல் வந்த அதன் திரைவடிவத்துக்குப் போகலாம். அதில் வாட்சனாக வருபவர் ஹார்ட்விக். நடிகர் மாறியது உறுத்துகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு உறுத்தவில்லை.

நன்றி, வணக்கம்.