பிறப்பு குறைந்ததற்குப் பெண்களின் படிப்பா காரணம்?

ரோஸ் ஹில்லிலிருந்து ஓர் ஐயா கேட்டிருக்கிறார்: "மொரீஷியஸில் பெண்கள் படித்து வேலைக்குப் போனதால்தான் பிறப்பு இவ்வளவு குறைந்துவிட்டது. இனியாவது அரசு குடும்பக் கட்டுப்பாட்டு உதவிகளை நிறுத்த வேண்டாமா?"

ஐயா, உங்கள் கவலை நியாயமானதுதான். இன்று இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒன்றரைப் பிள்ளைகூட இல்லை. ஆனால், எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலேரியா கட்டுப்படுத்தப்பட்டதும் இறப்பு மளமளவென்று குறைந்தது. 1960களின் தொடக்கத்தில் ஒரு தாய்க்கு ஏறத்தாழ ஆறு பிள்ளைகள் பிறந்தார்கள். ஜனத்தொகைப் பெருக்கம் இந்தத் தீவை வறுமையில் அமிழ்த்திவிடும் என்று பிரிட்டிஷ் அறிஞர்களான டிட்மஸ், மீட் ஆகியோரின் அறிக்கைகள் எச்சரித்தன. அடுத்த பத்தே ஆண்டுகளில் அந்த ஆறு ஏறத்தாழ மூன்றரையாக இறங்கியது. பிற்பாடு பெண்களுக்குப் பெருமளவில் வேலை தந்த ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்கான சட்டம் வந்தது 1970இல். இடைநிலைக் கல்வி இலவசமானது 1977இல். ஆகவே, பெரிய இறக்கம் நிகழ்ந்தபோது நம் பெண்களில் மிகப் பலர் கரும்புத் தோட்டத்திலும் அடுப்படியிலும்தான் இருந்தார்கள்.

பெற்ற பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை வந்ததும், அந்தப் பெண்களே முடிவெடுத்தார்கள். 1957இல் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் தோன்றியது. கருத்தடைச் சாதனங்களைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்காததால், இயற்கை முறையைக் கற்பிக்க 1963இல் 'அக்சியோன் ஃபமிலியால்' என்ற அமைப்பு உருவானது. பயிற்சி பெற்றவர்கள் வீடு வீடாகச் சென்று, காலையில் எழுந்ததும் உடல் வெப்பத்தை அளந்து அட்டையில் புள்ளி வைக்கப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அரசு இரு அமைப்புகளுக்குமே மானியம் அளித்தது. எந்த முறை வேண்டும் என்பதைத் தம்பதியரிடமே விட்டது. இந்த நாட்டின் சாதனைகளில் இதையே நான் முதலில் வைப்பேன்.

கட்டாயம் என்ன செய்யும் என்பதற்கு அண்டைத் தீவான ரெயூனியனே சாட்சி. வேறு சிகிச்சை என்று நம்பிச் சென்ற ஏழைப் பெண்களுக்கு, அவர்களுடைய ஒப்புதல் இல்லாமலே கருக்கலைப்பும் கருத்தடை அறுவையும் செய்யப்பட்டது 1970இல் அம்பலமானது. நீங்கள் சொல்லும் வழியை, அதாவது பிறப்பைக் கூட்டுவதற்காகத் தடை போடுவதை, 1966இல் ருமேனியா கருக்கலைப்பையே தடைசெய்து மிகக் கடுமையாகச் செய்து பார்த்தது. மறு ஆண்டே பிறப்பு ஏறத்தாழ இரு மடங்கானது. சில ஆண்டுகளில் மீண்டும் சரிந்தது. 1989இல் அந்த ஆட்சி விழும்வரை, மறைவாகக் கருக்கலைத்து ஆயிரக்கணக்கான தாய்மார்கள் மாண்டார்கள்.

1994இல் கெய்ரோவில் கூடிய ஐ.நா. மக்கள்தொகை மாநாட்டில் 179 நாடுகள், எத்தனை பிள்ளை, எப்போது என்பது தம்பதியரின் உரிமை என்று ஏற்றன. பிள்ளை வேண்டாம் என்பவளுக்கு மட்டுமன்று, இன்னொரு பிள்ளை வேண்டும் என்று ஆசைப்பட்டும் துணிய முடியாதவளுக்கும் அந்த உரிமை உண்டு. அரசிடம் கேட்க வேண்டுமானால், வேலை நேரத்துக்கு ஏற்ற குழந்தைக் காப்பகத்தைக் கேளுங்கள். பேறுகால விடுப்பு முடிந்து திரும்புபவளின் பதவி உயர்வு தள்ளிப்போகாதபடி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டில் மகன்களிடம், இரவில் அழும் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.