பேக்கேஜ்ல வர்ற சிஏ 125

எல்லாருக்கும் வணக்கம். மைக்கு கொஞ்சம் கரகரங்குது, பின்னாடி உக்காந்திருக்குற அக்காமாருக்கு கேக்குதா? சரி. நம்ம சுங்கை சிப்புட்ல போன மாசம் ஒரு லேப்காரங்க மேசை போட்டு பிளட் டெஸ்ட் பேக்கேஜ் வித்தாங்கல்ல, லேடிஸ் பேக்கேஜுன்னு ஒன்னு, அதுல சிஏ 125ன்னு ஒரு வரி இருக்கும். ஓவரி, அதான் சினைப்பை, அதுல வர்ற கேன்சருக்கான டெஸ்டுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. அப்பறம் என்னாச்சு, 12ன்னு வந்தவங்க எனக்கு ஒன்னுமில்லன்னு நிம்மதியா இருக்காங்க, 48ன்னு வந்தவங்க தூக்கம் இல்லாம அந்தப் பேப்பர தூக்கிட்டு என் வீட்டுக்கு வர்றாங்க. நான் ஆஸ்பத்திரில மிஸ்ஸியா, அதான் நர்ஸா இருந்து பென்ஷன் வாங்குனவ, டாக்டர் இல்ல, ஆனா இந்த நம்பருக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை இருக்கு, அதச் சொல்லத்தான் வந்தேன்.

சிஏ 125ங்குறது ரத்தத்துல இருக்குற ஒரு புரதம். 1981ல அமெரிக்காவுல ராபர்ட் பாஸ்ட்டுன்னு ஒரு டாக்டரோட குழு கண்டுபுடிச்சாங்க. 35க்கு மேல போனா கூடுதல்னு கணக்கு. லண்டன்ல அப்ப இளவட்டமா இருந்த இயான் ஜேக்கப்ஸ்னு ஒரு டாக்டர், பொம்பளைங்க கேன்சருக்கு ஆப்பரேஷன் பண்றவரு, இத வச்சு ஓவரி கேன்சர சீக்கிரமே புடிச்சிடலாமேன்னு 1980கள்ல ஆரம்பிச்சாரு. வயித்த தொறக்கும்போதே நோய் முக்காவாசி பரவியிருக்கும், கத்திய வச்சுக்கிட்டு நிக்குறவருக்குத் தான அந்த வயித்தெரிச்சல் தெரியும்.

1990ல அவரு குழு ஒரு கணக்கு போட்டுக் குடுத்தாங்க, இன்னைக்கும் பெரிய ஆஸ்பத்திரில பாக்குறாங்க, எனக்கு ரொம்பப் புடிச்ச கணக்கு அது. ஓவரில கட்டி தெரியுதுன்னா ஸ்கேன் பாத்து ஒரு மார்க் போடுவாங்க, கட்டிக்குள்ள பல அறை இருக்கா, கெட்டியா இருக்கா, ரெண்டு பக்கமும் இருக்கா, வயித்துல தண்ணி கோத்திருக்கா, வேற எடத்துக்குப் பரவியிருக்கா, இதுல ஒன்னும் இல்லன்னா 0, ஒன்னு இருந்தா 1, ரெண்டோ அதுக்கு மேலயோ இருந்தா 3. மாதவிலக்கு நின்னவங்களுக்கு 3, நிக்காதவங்களுக்கு 1. இந்த ரெண்டையும் சிஏ 125ஆல பெருக்கணும். 200 தாண்டுனா சாதாரண ஆப்பரேஷனுக்கு அனுப்பாம கேன்சர் சர்ஜன்கிட்ட அனுப்பணும். இப்ப 48ன்னு வந்த ரெண்டு பேர எடுத்துக்குங்க. ஒருத்தங்களுக்கு மாதவிலக்கு இன்னும் வருது, ஸ்கேன்ல ஒரே ஒரு அடையாளம், 48 தான் வரும். இன்னொருத்தங்களுக்கு நின்னுபோச்சு, ஸ்கேன்ல ரெண்டு அடையாளம், 432. ஒரே ரத்த ரிசல்ட், எம்புட்டு வித்தியாசம் பாருங்க. மாதவிலக்கு நேரம், கர்ப்பப்பை உள்சதை வெளியில வளர்ற எண்டோமெட்ரியோசிஸ், கர்ப்பப்பைல வர்ற பைப்ராய்டு கட்டி, கர்ப்பம் எல்லாத்துக்குமே இது ஏறும், அதே சமயம் ஆரம்ப கேன்சர்ல பாதிப்பேருக்கு ஏறவே ஏறாது. அதனால 12ன்னு வந்தவங்களும் ரொம்ப ஆடாதீங்க!

அப்பறம் ஜேக்கப்ஸ், ஸ்டீவன் ஸ்கேட்ஸ்னு ஒரு புள்ளிவிவரக்காரரோட சேந்து வேற வழி யோசிச்சாரு. எல்லாருக்கும் ஒரே கோடு எதுக்கு, அவங்கவங்க நம்பர் வருஷா வருஷம் எப்புடி ஏறுதுன்னு பாப்போம்னு. நம்ம தண்ணி பில்லு மாதிரி தான், எப்பவுமே 30 வெள்ளி வர்ற வீட்ல பிரச்சன இல்ல, 8 வெள்ளி வந்த வீட்ல 14, 20ன்னு ஏறுனா தான் பைப் எங்கயோ ஒழுகுது.

இத சோதிக்க 2001லேர்ந்து 2005 வரைக்கும் 50லேர்ந்து 74 வயசு பொம்பளைங்க ரெண்டு லட்சத்துக்கு மேல சேத்தாங்க, இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துல 13 சென்டர். அம்பதாயிரம் பேருக்கு வருஷா வருஷம் ரத்தம், அம்பதாயிரம் பேருக்கு ஸ்கேன், ஒரு லட்சம் பேருக்கு எந்த டெஸ்ட்டும் இல்ல. கூட நின்னு ஓட்டுனவங்க உஷா மேனன்னு ஒரு டாக்டரம்மா. 2015ல முதல் ரிசல்ட்டு வந்துச்சு, சாவு கொறஞ்ச மாதிரியும் இருக்கு, அடிச்சு சொல்லவும் முடியல. அதுக்குள்ள வெளியில டெஸ்ட்ட விக்கவே ஆரம்பிச்சிட்டாங்க, அந்த வருஷா வருஷம் ஏறுறத பாக்குற கணக்குல ஜேக்கப்ஸுக்கே காசு சம்பந்தம் இருந்துச்சு, அத அவங்க கட்டுரையிலயே எழுதியும் இருக்காங்க. 2016ல எஃப்டிஏ, அதான் மருந்து, டெஸ்ட்டெல்லாம் சரிபாக்குற அமெரிக்க அரசாங்க அமைப்பு, ஓவரி கேன்சருக்கு இந்த மாதிரி ஸ்கிரீனிங், அதாவது நோய் அடையாளம் இல்லாதவங்ககிட்டயும் தேடிப் பாக்குற டெஸ்ட்ட நம்பாதீங்கன்னு எச்சரிச்சுது.

2021ல கடைசி ரிசல்ட்டு. ரத்தம் எடுத்த குழுவுல ஸ்டேஜ் 1ல புடிச்சது 47 சதவீதம் கூடியிருக்கு, ஸ்டேஜ் 4 கிட்டத்தட்ட கால்வாசி கொறஞ்சிருக்கு. செத்தவங்க எண்ணிக்கை மட்டும் கொறயவே இல்ல. முப்பது வருஷத்துக்கு மேல இதுக்காக ஓடுன மனுஷன் ஜேக்கப்ஸ், அப்ப சிட்னில ஒரு யுனிவர்சிட்டிக்கே துணைவேந்தர், கட்டுரை எழுதுனவங்க வரிசைல உஷா மேனன் பேரு முன்னாடி, இவரு பேரும் கூட, இத எல்லாப் பொம்பளைங்களுக்கும் ஸ்கிரீனிங்கா குடுக்க முடியாதுன்னு அந்தக் கட்டுரைலயே எழுதிட்டாங்க. எனக்கு அவரு மேல மரியாத வந்ததே இந்த எடத்துல தான். பெருசா கண்டுபுடிச்சேன்னு சொல்றவன் ஆயிரம் பேரு, நம்ம வேல பலிக்கலன்னு கணக்கோட எழுதுறவன் எத்தன பேரு?

அப்ப அந்த ரெண்டு லட்சம் பேரு குடுத்ததெல்லாம் வீணான்னு கேக்காதீங்க, அந்த ரத்த சாம்பிள் எல்லாம் பத்திரமா இருக்கு, புது டெஸ்டுக்கு இன்னும் எடுக்குறாங்க. இன்னொரு பக்கம், இந்தக் கேன்சர்ல மோசமான வகை பாதிக்கு மேல ஓவரில இல்ல, பக்கத்துல இருக்குற டியூப்லயே, அதான் கருக்குழாய்லயே ஆரம்பிக்குதுன்னு இப்ப டாக்டருங்க சொல்றாங்க. அதனால கனடா பிரிட்டிஷ் கொலம்பியால 2010லேர்ந்து, கர்ப்பப்பை எடுக்கும்போதோ குடும்பக் கட்டுப்பாடு பண்ணும்போதோ டியூப்ப முழுசாவே எடுத்துடலாம்னு ஆரம்பிச்சாங்க. உங்க மருமவளுக்கோ மகளுக்கோ அந்த ஆப்பரேஷன் வருதுன்னா டாக்டர்கிட்ட இதக் கேளுங்க. குடும்பத்துல அம்மா, சித்தி, அத்தைன்னு மார்பக கேன்சரோ ஓவரி கேன்சரோ வந்திருந்தா பரம்பரையா வர்ற கோளாறப் பாக்குற பிஆர்சிஏ ஜீன் டெஸ்ட் பத்தியும் கேளுங்க, அது லேப் மேசைல வாங்குற பேக்கேஜ் இல்ல.

பேக்கேஜ் காச மிச்சம் புடிச்சிட்டு என்ன பண்றதுன்னு இந்தப் பக்கத்துல ஒருத்தங்க கேக்குறாங்க. சொல்றேன். வயிறு உப்பிக்கிட்டே இருக்கு, ரெண்டு வாயிலயே நெறஞ்சிடுது, அடிவயிறு வலிக்குது, அடிக்கடி ஒன்னுக்கு வருது, இது வாரக்கணக்குல விடாம இருந்தா கிளினிக்குக்குப் போங்க, முக்கியமா 50 தாண்டுனவங்க. அங்க போயி வெறும் பெரூட் கெம்போங், வயிறு உப்பலுன்னு மட்டும் மலாய்ல சொன்னீங்கன்னா, மருந்து குடுக்குற தோட்டத்து டிரெசர் காலத்துலேர்ந்து குடுக்குற அதே காத்து மருந்து பாட்டில் தான் கைக்கு வரும். எத்தன வாரமா, ஒரு நாள்ல எத்தன தடவ பாத்ரூம், முன்ன ரெண்டு தோசை சாப்புட்டவங்க இப்ப அரை தோசைல நிறுத்துறீங்களா, குடும்பத்துல யாருக்கு என்ன வந்துச்சு, இத ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போங்க, ஸ்கேன் வேணுமான்னு வாயத் தொறந்து கேளுங்க. எழுத வராதவங்க பேத்திகிட்ட குடுத்து மலாய்ல எழுதிக்குங்க.