வயல் போன குளத்துக்கு யார் பொறுப்பு?

(வவுனியாவில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை வகிக்கும் அதிபர் அவர்களே, பாம்பைமடுப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கும் பேராசிரியர்களே, விரிவுரையாளர்களே, பிரதேச செயலக உத்தியோகத்தர்களே, மாநகரசபை உறுப்பினர்களே, கிராம அலுவலர்களே, வர்த்தகர் சங்கத்தினரே, மழை இருட்டையும் பார்க்காமல் வந்திருக்கும் தாய்மாரே, மாணவர்களே, எல்லோருக்கும் வணக்கம். மாதர் சங்கத் தலைவி முன்வரிசையிலிருந்து பார்க்கிற பார்வையில் அவரை விட்டுவிட்டேன் என்று தெரிகிறது. அவருக்குத் தனியாக ஒரு வணக்கம். மண்டபத்தையும் ஒலிபெருக்கியையும் காசு வாங்காமல் தந்த கோயில் பரிபாலன சபைக்கு நன்றி.

பல்கலைக்கழகமும் நகரத்து அயலும் சேர்ந்து என்ன செய்யலாம் என்பது தலைப்பு. வெள்ளம், குப்பை, வேலையில்லாத இளைஞர் என்று மூன்று விஷயம் பேசுவேன் என அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். சரி, வெள்ளத்தில் தொடங்குகிறேன்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. என்னைத் தெரிந்தவர்கள் 'தொடங்கிவிட்டார்' என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். 1997 இல் யாழ். பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாக இருந்தது, 2021 ஓகஸ்டில் தனி வவுனியாப் பல்கலைக்கழகமாகிவிட்டது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. வன்னியில் ஏட்டுக்குக் குறைவில்லை. அது நம் ஒழுங்கைக்குள் வந்ததா?

வந்தது. நகரத்துக்குள் ஓர் ஒழுங்கை, பெயர் வேண்டாம். மார்கழி மழைக்கு முழங்காலளவு தண்ணீர் நிற்கும். கேள்விக்கொத்தோடு ஒரு மாணவன் போயிருக்கிறான். படலையைத் திறந்தவர் ஓர் ஆச்சி.

"ஆச்சி, வடிகால் வசதியில உங்களுக்குத் திருப்தியோ? ஒண்டிலயிருந்து அஞ்சுக்குள்ள ஒரு புள்ளி சொல்லுங்கோ."

ஆச்சி அவனை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி எந்த ஊர்?" சொன்னான். "ஆற்றை பெடியன்?" அதையும் சொன்னான். "சாப்பிட்டியோ?" இது கேள்விக்கொத்தில் இல்லாத கேள்வி. கதிரை வந்தது, பிளேன்ரீ வந்தது, கூடவே ஒரு பனங்கட்டித் துண்டும் வந்தது. அப்புறம்தான் பதில்.

"போன வருசமும் ஒரு பிள்ளை வந்து இதைத்தான் கேட்டது. அதுக்குப் பட்டம் கிடைச்சுதாம். எங்களுக்கு வெள்ளம் கிடைச்சுது. எத்தினை புள்ளி போடுவியோ போடு."

கைதட்டாதீர்கள், கதை முடியவில்லை. பெடியன் கெட்டிக்காரன். தாளை மடித்து வைத்துவிட்டு, "தண்ணி எங்கால வருகுது எண்டு காட்டுங்கோ" என்றான். ஆச்சி செருப்பைப் போட்டுக்கொண்டு முன்னே நடந்தார். பின்னால் பேரன், பேரனுக்குப் பின்னால் நாய். மூன்று வீடு தாண்டி, ஒரு மதிலுக்குக் கீழே மண் மூடிய மதகைக் காட்டினார். அதற்கு அப்பால் பற்றை பிடித்த பள்ளம். "இதுதான் குளம். எங்கட அப்பு இதிலதான் எருமை குளிப்பாட்டினவர்." அவன் போய்ப் பழைய நில அளவைப் படத்தை விரித்துப் பார்த்தால், அதே இடத்தில் குளம் இருக்கிறது. வாய்க்கால் போன கோட்டில்தான் இன்றைக்கு மதில் நிற்கிறது. நூலகத்தில் படம் இருந்தது, ஆச்சியிடம் நினைவு இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்க அத்தனை வருஷம் எடுத்திருக்கிறது!

நம் குளங்கள் தனித்தனியானவை அல்ல. மேல்குளம் நிரம்பி வான் பாய்ந்தால் கீழ்க்குளம் வாங்கும். இலங்கையின் இந்தத் தொடர்குள முறையை உலக உணவு விவசாய நிறுவனம் 2017 இல் விவசாய மரபுரிமையாக ஏற்றது. நாம் நடுவிலே ஒரு குளத்தைத் தூர்த்துவிட்டு மழையைத் திட்டுகிறோம். 2018 மார்கழியில் இரணைமடுப் பெருங்குளத்தின் வான்கதவுகளைத் திறந்தபோது கிளிநொச்சி பட்ட பாடு தெரியும். ஆனாலும் இரணைமடுவுக்குக் கதவு உண்டு, பொறியியலாளர் உண்டு. 80 ஹெக்டேயருக்குக் குறைந்த வயலுக்குப் பாயும் சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ். காவலுக்கு வயல் செய்பவர்களின் கமக்கார அமைப்பு. நகரத்தில் வயல் வீட்டு வளவாகிவிட்டது. கமக்காரனும் இல்லை, அமைப்பும் இல்லை. குளம் மட்டும் அநாதையாகக் கிடக்கிறது. தண்ணீர் நிற்க வேண்டிய உள்வாயில் முதலில் வேலி, பிறகு கொட்டில், பிறகு கல்வீடு. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குளத்தை நிரப்புவதைத் தடுக்கிறது. சரி, எல்லை எதுவென்று தெரியாமல் எதைத் தடுப்பது?

நான் கேட்பது எல்லைக்கல். வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம், இறம்பைக்குளம், நெளுக்குளம் என்று ஒவ்வொரு வட்டாரத்தையும் இறுதியாண்டு மாணவர் குழு ஒன்று பொறுப்பெடுக்க வேண்டும். தொழில்நுட்ப பீடப் பிள்ளைகள் மட்டம் பிடிக்கட்டும், சுற்றாடல் விஞ்ஞானப் பிள்ளைகள் தண்ணீரைச் சோதிக்கட்டும், ஊர்க் கிழவர்கள் குளம் நிரம்பினால் தண்ணீர் தொடும் அலைகரையைக் காட்டட்டும். வரைபடத்தின் ஒரு பிரதி பல்கலைக்கழகத்துக்கு, ஒன்று மாநகரசபைக்கு, ஒன்று அந்த வட்டாரத்து வாசிகசாலைச் சுவருக்கு. மூன்றாவதை மறந்தால் மறுபடி ஏட்டுச் சுரைக்காய்தான்.

எல்லைக்கல் என்றதும் சிலர் முகம் வாடுவது தெரிகிறது. இடம்பெயர்ந்து வந்து, கிடைத்த துண்டில் கொட்டில் போட்டவர்களை எழுப்பச் சொல்லவில்லை. அவர்களுக்குத்தான் வெள்ளம் முதலில் வருகிறது. மாற்றுக் காணி கையில் வராமல் ஒரு கிடுகையும் தொடக்கூடாது. மாடிக் கட்டடத்துக்காக மண் கொட்டியவர்கள் வேறு கணக்கு.

குப்பைக்கும் குறிப்பு எழுதி வந்தேன். தலைவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். குப்பையும் இளைஞரும் அடுத்த பேச்சாளருக்கு. வாசலில் மேசை போட்டு ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். உங்கள் அயலில் குளமோ வாய்க்காலோ இருந்த இடம் தெரிந்தவர்கள் பதிந்துவிட்டுப் போங்கள். எழுதச் சிரமமென்றால் மாணவர்கள் எழுதித் தருவார்கள்.