வெஸ்ட்வில் சிறையிலிருந்து வந்தவருக்கு நம் கடையில் வேலை

[காட்சி: தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதி, பங்களாதேஷ் மார்க்கெட், சனிக்கிழமை காலை. வேனிலிருந்து மூட்டைகள் இறங்குகின்றன.]

குரல்: இங்கே மூட்டை தூக்க ஆள் வேண்டுமென்றால் யாரும் விளம்பரம் போடுவதில்லை. பக்கத்துக் கடைக்காரரிடம், "நல்ல பையன் யாராவது இருக்கானா அண்ணா?" என்று கேட்பார்கள். அவர் ஒரு பெயர் சொல்வார். உடனே அடுத்த கேள்வி வரும்: "யார் வீட்டுப் பிள்ளை?" டர்பனில் நம் ஆட்களின் கடை, பட்டறை, பேக்கரி எதை எடுத்தாலும் வேலை பெரும்பாலும் இப்படித்தான் கைமாறுகிறது. வெஸ்ட்வில் சிறையிலிருந்து வந்தவருக்கு அந்த இரண்டாவது கேள்வியிலேயே கதவு சாத்திவிடும்.

[காட்சி: மேசைமேல் வேலை விண்ணப்பம். பேனா பிடித்த கை மட்டும் தெரிகிறது.]

குரல்: என் சித்தி மகன் வெளியே வந்த மூன்றாவது வாரம் ஒரு படிவத்தை நிரப்பினான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெயர், விலாசம், படிப்பு எல்லாம் மளமளவென்று எழுதினான். "குற்றப் பதிவு உண்டா?" என்ற வரிக்கு வந்ததும் பேனா நின்றது. கொஞ்ச நேரம் கழித்து 'ஆம்' என்று டிக் போட்டான். விவரம் எழுத அதன் கீழே விட்டிருந்த இடம் ஒரு விரல் நீளம். உள்ளே இருந்தபோது மரவேலை கற்றுச் சான்றிதழ் வாங்கியவன் அவன். அதைச் சொல்ல அந்தத் தாளில் எங்கும் இடமில்லை. அங்கிருந்து பதிலும் வரவில்லை.

பதிவை அழித்துவிட முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். சிலருக்கு முடியும். தண்டனை நிறுத்திவைக்கப்பட்டிருந்தாலோ, 20,000 ராண்டுக்கு மேற்படாத அபராதம் விதிக்கப்பட்டிருந்தாலோ, தீர்ப்பு வந்து 10 ஆண்டு கழித்து அரசின் நீதி அமைச்சகத்துக்கு விண்ணப்பிக்கலாம். 1977ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடமுண்டு. அபராதம் கட்டி மீளும் வாய்ப்பே தராமல் நேரே சிறைக்கு அனுப்பப்பட்டவருக்கு இந்த வழி திறக்காது. ஜனாதிபதியின் மன்னிப்பைக் கேட்க வேண்டியதுதான். அதனால் எங்கள் பையன்களில் அநேகம் பேர் பதிவைச் சுமந்துகொண்டேதான் வேலை தேடுகிறார்கள்.

அதற்காக, பதிவு இருந்தாலே மறுத்துவிடலாம் என்றும் இல்லை. 2024இல் தொழிலாளர் நீதிமன்றம் ஒரு வழக்கை விசாரித்தது. பழைய தண்டனையைக் காட்டி ஒருவருக்குத் தருவதாகச் சொன்ன வேலையைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அது நியாயமற்ற பாகுபாடு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செய்த குற்றத்துக்கும் செய்யப்போகும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று முதலாளி பார்க்க வேண்டும். கல்லாப்பெட்டி வேலை வேறு, கதவுக்கு வார்னிஷ் அடிக்கும் வேலை வேறு.

[காட்சி: பட்டறை. மரத்தூள். இழைப்புளி ஓடுகிறது.]

குரல்: சட்டம் இவ்வளவுதான் செய்யும். மனசு இளகிய முதலாளி ஒருவர் கிடைத்தால் போதும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். இரக்கத்தில் சேர்த்துக்கொண்ட ஆள் ஒரே மாதத்தில் நின்றுபோனதைப் பலமுறை பார்த்துவிட்டேன். நடந்தது என்னவென்று விசாரித்தால் சின்ன விஷயமாகத்தான் இருக்கும். அடையாள அட்டை தொலைந்திருக்கும், அது இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, சம்பளம் போட வழியில்லை. அல்லது முதல் சம்பளம் வரும்வரை மினிபஸ் டாக்சிக்குக் காசு இருக்காது. சாட்ஸ்வொர்த்திலிருந்து தொழிற்சாலைகள் இருக்கும் பிராஸ்பெக்டன் போய்வரக் கையில் ஒன்றுமில்லாதவன் நாலாவது நாள் எப்படி வருவான்?

பரோலும் இருக்கிறது, அதாவது தண்டனைக் காலம் முடியுமுன் நிபந்தனையோடு வெளியே விடுவது. வேலை தேட வேண்டும், கிடைத்தால் அதில் நிலைக்க வேண்டும் என்பதே பரோல் நிபந்தனையாக இருக்கலாம். அதே தாளில், இத்தனை மணிக்குப் பிறகு வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்றும் இருக்கலாம். பேக்கரியில் விடியற்காலை இரண்டு மணி ஷிப்ட் என்றால், பரோலில் வந்தவர்களைக் கண்காணிக்கும் சமூகத் திருத்த அலுவலகத்தில் முன்கூட்டியே பேசி அனுமதி வாங்க வேண்டும். பரோலில் வந்தவன் தானாக முதலாளியிடம் இதைச் சொல்வானா? வெட்கப்பட்டு வாயைத் திறக்கவே மாட்டான்.

அதனால்தான் நடுவில் ஒருவர் வேண்டும் என்கிறேன். கோயில் கமிட்டியில் ஒரு பெரியவர் இருக்கலாம், சர்ச் ஆளாக இருக்கலாம். 1910இலிருந்து சிறை மீண்டவர்களுக்காக வேலை செய்துவரும் நிக்ரோ போன்ற அமைப்பின் சமூகப் பணியாளராகவும் இருக்கலாம். "யார் வீட்டுப் பிள்ளை?" என்ற கேள்விக்கு, "எங்க பிள்ளைதான்" என்று சொல்லக்கூடிய ஆள். முதல் மூன்று மாதம் வாரம் ஒரு முறை முதலாளிக்குப் போன் செய்ய வேண்டும். பையன் பழையபடி சுகர்ஸ் என்கிற போதைப்பொருள் பக்கம் போகிறான் என்று தெரிந்தால், மறைக்காமல் அன்றைக்கே சொல்ல வேண்டும்.

"திருடிவிட்டால் என்ன செய்வது?" என்று கேட்கும் கடைக்காரரிடம் எனக்குக் கோபமில்லை. அவர் பணம், அவர் பயம். வரக்கூடிய நஷ்டத்துக்கு ஒரு வரம்பு வைத்து முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். பணம் புழங்காத இடத்தில் வேலையைத் தொடங்குங்கள். ஆனால் "வேலை கொடுத்ததே பெரிசு" என்று பாதிக் கூலி கொடுப்பவரை நான் மன்னிக்கமாட்டேன். 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டு என்று ஆனது. சிறைக்குப் போய்வந்தவருக்கு அதில் கழிவு கிடையாது.

[காட்சி: பட்டறைச் சுவரில் காலண்டர். புதன்கிழமைகள் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருக்கின்றன.]

குரல்: சித்தி மகன் இப்போது ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் சமையலறை அலமாரி செய்கிறான். கோயிலில் பழக்கமான ஒரு மாமா கூடவே போய்ப் பேசினார். பரோல் அலுவலகத்தில் அவன் கையெழுத்துப் போட வேண்டியது புதன்கிழமை காலை. முதலாளி புதன்கிழமை டெலிவரியை மதியத்துக்கு மாற்றிவிட்டார்.