நாள்பட்ட வைரஸ் தொற்றில் டி செல்கள் ஏன் ஓய்கின்றன?

அடுத்த கேள்விக்கு வருவோம். "ஃப்ளூ வந்தால் சில நாட்களில் உடலே வைரஸை விரட்டிவிடுகிறது. ஹெபடைடிஸ் பி, சி மட்டும் சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகின்றனவே, டி செல்கள் அவற்றைக் கண்டுகொள்வதில்லையா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். மிக நல்ல கேள்வி.

டி செல்கள் என்பவை வைரஸ் புகுந்த செல்களைத் தேடித் தாக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள். அவை வைரஸைக் கண்டுகொள்கின்றன. தொடக்கத்தில் மும்முரமாகப் பெருகவும் செய்கின்றன. சிக்கல் அதற்குப் பிறகுதான். வைரஸ் அழிந்துவிட்டால் பெரும்பாலான டி செல்கள் மடிந்து, கொஞ்சம் மட்டும் அந்த வைரஸை நினைவில் வைத்திருக்கும் நினைவுச் செல்களாக மிஞ்சும். வைரஸ் அழியாமல் நாள்தோறும் கண்முன்னே நின்றால்? அந்தச் செல்கள் படிப்படியாகத் திறனை இழக்கின்றன. முதலில் பெருகும் வேகமும், டி செல்களைப் பெருகத் தூண்டும் இன்டர்லூகின்-2 என்ற புரதத்தின் சுரப்பும் குறையும். பிறகு மற்றத் திறன்களும். வைரஸை எதிர்க்க உதவும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தின் சுரப்பு மட்டும் கடைசிவரை ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

இதை எலிகளைத் தாக்கும் எல்சிஎம்வி என்ற வைரஸில்தான் தெளிவாகப் பார்த்தார்கள். அதில் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற வகையை எலி சுமார் எட்டு நாட்களில் ஒழித்துவிடும். குளோன் 13 என்ற வகை மாதக்கணக்கில் தங்கும். இரண்டுக்கும் மரபணுவில் வேறுபாடு மிகச் சிறியது. குளோன் 13 தொற்றிய எலிகளில் வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் உயிரோடு இருந்தும் வேலை செய்யவில்லை என்பதை 1998-இல் நோய் எதிர்ப்பியல் ஆய்வாளர் ரஃபி அகமதுவின் குழு காட்டியது.

ஏன் செய்யவில்லை? அந்தச் செல்களின் மேற்பரப்பில் பிடி-1 என்ற தடுப்புப் புரதம் நிறைய இருக்கிறது. 2006-இல், அது தன் இணைப் புரதத்துடன் சேர்வதை மருந்தால் மறித்தபோது செல்கள் மீண்டும் வேலை செய்தன, வைரஸும் குறைந்தது. இத்துடன் நிறுத்திக்கொண்டால் பிடி-1 ஏதோ பழுது என்றே தோன்றும். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. பிடி-1உடன் இணையும் புரதமே இல்லாமல் பிறந்த எலிகளுக்கு குளோன் 13-ஐச் செலுத்தினார்கள். அவை சில நாட்களில் இறந்துவிட்டன. கொன்றது வைரஸ் அல்ல, தடையில்லாமல் பாய்ந்த டி செல்கள். என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையிலேயே மிக முக்கியமான பாடம் இதுதான்: டி செல்கள் ஓய்வது பெருமளவில் உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு.

எல்லாச் செல்களும் ஒரே அளவில் ஓய்வதும் இல்லை. டிசிஎஃப்-1 என்ற புரதத்தைத் தக்கவைத்த ஒரு சிறு கூட்டம் நிணநீர்த் திசுக்களில் தங்கி, புதிய செல்களைத் தந்துகொண்டே இருக்கிறது. பிடி-1-ஐ மறிக்கும் மருந்தைத் தந்தால் பெருகுவதும் முக்கியமாக இந்தக் கூட்டம்தான். இதை 2016-இல் கண்டார்கள்.

"அப்படியானால் வைரஸை ஒழித்துவிட்டால் டி செல்கள் பழைய நிலைக்குத் திரும்புமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஹெபடைடிஸ் சி இதற்குப் பதில் தந்துவிட்டது. மாத்திரைகளால் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் முழுமையாகக் குணமடைகிறார்கள். ஆனால் குணமான பிறகும் அவர்களுடைய டி செல்களில் டிஎன்ஏ சுருண்டிருக்கும் விதத்தில் பழைய தடம் நீடிக்கிறது. ஓரளவு மீள்கின்றன, முழுவதும் இல்லை.

ஹெபடைடிஸ் பி-க்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நிறுத்தியதும் வைரஸ் பெருகும். அப்போது டி செல்கள் மீண்டும் பாய்ந்தால் கல்லீரலுக்குக் கடும் பாதிப்பு வரலாம். இந்த வைரஸ் தானாகக் கல்லீரல் செல்களைக் கொல்வது மிகக் குறைவு. சேதத்தின் பெரும்பகுதி வைரஸ் புகுந்த செல்களை நம் எதிர்ப்புச் செல்களே தாக்குவதால் வருவது.