கர்ட் ஸ்விட்டர்ஸ்: எறிந்த கடதாசிகளின் ஓவியர்

நேயர்களுக்கு வணக்கம்.

கர்ட் ஸ்விட்டர்ஸ் என்ற ஜேர்மன் ஓவியரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1887இல் ஹனோவர் நகரில் பிறந்தவர். பசையும் கிழிந்த கடதாசியும்தான் அவருடைய முக்கியமான கருவிகள்.

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் ஒட்டுச்சித்திரம் செய்திருப்போம். நிறக் கடதாசியை வெட்டி யானையோ பூவோ ஒட்டுவோம். அங்கே கடதாசி வெறும் நிறம்தான். ஸ்விட்டர்ஸின் படத்தில் ஒரு ட்ராம் டிக்கட் இருந்தால், அது டிக்கட்டாகவே இருக்கும். கசங்கிய மூலை, அச்சடித்த எண், எல்லாம் அப்படியே. யாரோ அதைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கோ போயிருக்கிறார். அந்தப் பயணமும் படத்துக்குள் வந்துவிடுகிறது.

முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு இதைத் தொடங்கினார். தோற்றுப்போய், காசின் மதிப்பும் சரிந்துகொண்டிருந்த நாடு. தெருவில் கிடந்த டிக்கட், துணித்துண்டு, கம்பி, ஆணி, மரத்துண்டு எதையும் அவர் விடவில்லை. உடைந்ததிலிருந்துதான் புதியதைக் கட்ட வேண்டும் என்று நம்பினார். ஒரு வங்கி விளம்பரத்தை வெட்டியபோது மிஞ்சிய 'மெர்ட்ஸ்' என்ற எழுத்துகளையே தன் கலைக்கெல்லாம் பெயராக வைத்துக்கொண்டார்.

அவர் பயன்படுத்தியது கோதுமை மாப்பசை. தாள் முழுக்கப் பசையைப் பூசி, ஈரம் காயுமுன் துண்டுகளை விரலால் நகர்த்தி நகர்த்தி இடம் பார்ப்பாராம். கொழும்புப் புழுக்கத்தில் இந்தப் பசைக்குப் பூஞ்சணம் பிடிக்கும், கரப்பானும் அரிக்கும். புத்தகம் கட்டுபவர்கள் அதில் கொஞ்சம் மயில்துத்தம் கலப்பது அதனால்தான். அது நஞ்சு, பிள்ளைகள் தொடக்கூடாது.

சரி, அவருடைய வாழ்க்கைக்கு வருவோம். 1937இல் ஹிட்லரின் அரசு, சீரழிந்த கலை என்று இழிவுபடுத்த மியூனிக்கில் வைத்த கண்காட்சியில் இவருடைய படங்களும் தொங்கின. அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே அவர் நோர்வேக்குத் தப்பியிருந்தார். 1940இல் ஜேர்மன் படை அங்கும் நுழைய, கப்பலேறி ஸ்கொட்லாந்துக்குப் போனார். ஜேர்மன்காரர் என்பதால் பிரித்தானியா அவரைப் பிடித்து, ஐல் ஒஃப் மான் தீவில் ஒரு முகாமில் அடைத்தது. அங்கே தரை விரிப்பைக் கிழித்து அதன்மேல் படம் வரைந்தார், மீந்த காலைக் கஞ்சியில் சிற்பம் செய்தார். ஹனோவரில் பல வருடமாக வீட்டுக்குள்ளேயே அவர் கட்டியெழுப்பிய பெரிய படைப்பு 1943இல் குண்டுவீச்சில் அழிந்தது. அடுத்த வருடம் அங்கே அவருடைய மனைவி புற்றுநோயால் இறந்தார். இவரால் பக்கத்தில் இருக்க முடியவில்லை.

இங்கிலாந்திலும் ஒட்டுவதை அவர் நிறுத்தவில்லை. லண்டன் பஸ் டிக்கட், இனிப்பு சுற்றிய தாள், அமெரிக்கச் சித்திரக்கதைத் துண்டு எல்லாம் படத்துக்குள் வந்தன. 1948 ஜனவரி 7ஆம் திகதி, பிரித்தானியக் குடியுரிமை கிடைத்த செய்தி வந்தது. மறுநாள் இறந்துபோனார்.

அதே 1948இல்தான் இலங்கையில் குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கான மலையகத் தமிழர் நாடற்றவர்கள் ஆனார்கள். சிலருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு கடதாசியின் பாரம் நமக்குத் தெரியும். கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனையோ வீடுகளில் அலுமாரிக்குள் ஒரு பை இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் பதிவுத் துண்டு, போர்க்காலத்தில் பயணம் செய்ய எடுத்த பழைய பாஸ், நிவாரண அட்டை. ஓட வேண்டி வந்தால் முதலில் கை போவது அந்தப் பைக்குத்தான்.

பொருளின் பழைய கதை முக்கியமில்லை, நிறமும் வடிவமும் சேரும் விதமே முக்கியம் என்று ஸ்விட்டர்ஸ் எழுதியிருக்கிறார். நான் அதை முழுதாக ஏற்கவில்லை. அகதியாக அலைந்த மனிதர் பொறுக்கிய டிக்கட்டை வெறும் மஞ்சள் நிறமாகப் பார்க்க என்னால் முடியாது.

நம்மிடையேயும் இப்படிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் வீட்டை நினைவிலிருந்து வரைந்த படங்களைக் கட்டடத் தளப்படத்தோடும் தன் ஓவியத்தோடும் சேர்த்து, 2011இல் ஒரு அலுவலகக் கோப்பின் வடிவில் நூலாக்கினார். கை நடுங்கி வரைந்த கிணறும் மாமரமும் அங்கே ஆவணமாகின்றன.

சித்திரம் படிக்கும் பிள்ளைகளே, உங்கள் வீட்டுப் பையையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அம்மம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறவுங்கள். மூலப் பத்திரத்தில் கத்தரிக்கோல் வைக்காதீர்கள், போட்டோக்கொப்பி எடுத்து அதை வெட்டுங்கள். எந்தத் துண்டு எந்த வருடம், எந்தக் கந்தோரில், எத்தனை நாள் அலைந்து எடுத்தது என்று கேட்டு, கொப்பியின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவிட்டு அப்புறம் ஒட்டத் தொடங்குங்கள்.

நன்றி, வணக்கம்.